என் வீட்டுக்காரர் எழுதிய என் வயது

ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு மாதத்தில் எத்தனை நாள் அடுத்தவர் வீட்டு வாசலை மிதிக்கலாம் என்று யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும். செவ்வாயும் வெள்ளியும் கூடாது. அமாவாசை கூடாது. அஷ்டமி, நவமி கூடாது. அந்த வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தால் கூடாது. கர்ப்பமான பெண் இருந்தால் அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. மிச்சமுள்ள நாட்களில் ராகுகாலமும் எமகண்டமும் போக, வீட்டுத் தலைவர் சாப்பிட்டு எழுந்து வெற்றிலை போடும் கொஞ்ச நேரம்தான் தோது. அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேல் தொழில் பார்த்தார், நான்கு பிள்ளைகளை வளர்த்தார், யார் வாயிலும் விழாமல் நடமாடினார்.

அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என்னை விட்டுவிட்டு எழுத முடியாது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவர் எழுதிய பாலிசிகளில் ஒன்றே ஒன்றுதான் எங்கள் வீட்டுக்குள் கலகம் செய்தது. அது என்னுடையது.

எனக்குக் கல்யாணமான புதிதில் அவர் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கடையில் கணக்குப்பிள்ளை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் போகிற வழியில். அப்போது ரயில் வரவில்லை. மாட்டுவண்டியிலோ, யாராவது தயவு பண்ணி ஏற்றிக்கொண்டால் மோட்டாரிலோ போய் வருவார். மதுரையிலிருந்து வந்த கம்பெனி ஆள் ஒருவர் இவருடைய கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு லட்சணமா எழுதுறவர் இங்க மூட்டை எண்ணிக்கிட்டு இருக்கலாமா?" என்று கேட்டாராம். புகழ்ச்சிக்கு மயங்காத ஆண்பிள்ளை எங்கே இருக்கிறான்? மறுமாதமே தோளில் ஒரு தோல்பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

என் மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏலே, அடுத்தவன் எப்போ சாவான்னு பாத்துக்கிட்டு இருக்குத பொழப்பால இது?"

"இல்லம்மா. அவன் நல்லா இருக்கணும்னு பாத்துக்கிட்டு இருக்குத பொழப்பு. அவன் நூறு வருசம் இருந்தாத்தான் கம்பெனிக்கு லாபம்."

இந்தப் பதில் மாமியாருக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதைத் தானே யோசித்துச் சொன்னது மாதிரி சொல்லி முடித்துவிட்டார்.

சாவு என்ற சொல்லை இவர் எந்த வீட்டிலும் வாயில் எடுத்ததில்லை. "நாளப்பின்ன" என்பார். "நாளப்பின்ன பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம் வேணும்லா?" என்பார். அவ்வளவுதான், கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். ஆரம்பத்தில் இவர் தலையைக் கண்டதும் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். ஓர் அம்மாள் இவர் போன பிறகு வாசலில் சாணி கரைத்துத் தெளித்ததை இவரே திரும்பிப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாள் யாரென்று கேட்டு வைத்துக்கொண்டேன். பத்து வருஷம் கழித்து அவள் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தபோது போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இவர் போய், மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டு, எனக்கு வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கொஞ்ச வருஷத்தில் எல்லாம் மாறியது. ரயில் வந்தது, இவர் வேலை சுளுவானது. ராஜபாளையத்துத் தெலுங்கு வீடுகளில் "ரண்டி, ரண்டி" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அந்த ஊர் வெள்ளை நாய்கள் முன்பின் தெரியாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். இவரைக் கண்டால் எழுந்திருக்கவே சோம்பல்படும் என்று சொல்வார்கள். அழகான கையெழுத்துக்காகக் கம்பெனி இவரை எடுத்தது. ஆனால் சோறு போட்டது இவருடைய காதுதான். யார் என்ன சொன்னாலும் அவசரமில்லாமல் கேட்பார். மருமகள் சண்டை, மாட்டுக்கு வந்த சீக்கு, பட்டாளத்துக்குப் போன மகனிடமிருந்து கடிதம் வராதது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் பையைத் திறப்பார்.

சாயங்கால ரயிலில் வீடு திரும்புவார். மாம்பழக் காலத்தில் பையின் ஒரு பக்கம் கம்பெனிக் காகிதம், இன்னொரு பக்கம் சப்பட்டை மாம்பழம். கம்பெனிக்குப் போன எத்தனையோ காகிதங்களில் மாம்பழ வாசனை அடித்திருக்கும். பழத்தை அவர்தான் நறுக்குவார். கதுப்பு பிள்ளைகளுக்கு, தோல் மாட்டுக்கு, கொட்டை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை நான்கு பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து நகம் வெட்டுவார். நான்காவது பிரசவத்துக்கு நான் படுத்திருந்தபோது மூத்த பெண்கள் இரண்டு பேருக்கும் அவரே தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினார். சடை காதுக்குப் பக்கத்தில் தொடங்கி முதுகு நடுவில் போய் முடிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கூச்சப்படவில்லை. ஒரு வாரத்தில் என்னைவிட நன்றாகப் பின்னக் கற்றுக்கொண்டார். பிறகு பிள்ளைகள் என்னிடம் தலையைக் காட்டவே மறுத்துவிட்டார்கள்.

இனி அவர் தொழிலில் இருந்த ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும்.

இன்சூரன்சுக்கு வயது முக்கியம். வயது கூடக் கூடக் கட்ட வேண்டிய தொகையும் கூடும். அதனால் வயதுக்கு ஏதாவது ஓர் அத்தாட்சி காட்ட வேண்டும். கிறிஸ்தவர்களுக்குக் கவலையில்லை, கோயில் புத்தகத்தில் ஞானஸ்நானம் எழுதியிருக்கும். மற்றவர்களுக்கு ஜாதகம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஜாதகம் என்பது பிறந்தபோது ஒன்று, கல்யாணத்தின்போது ஒன்று என்று இரண்டு முறை பிறக்கும். பொருத்தம் வராவிட்டால் நட்சத்திரத்தை நகர்த்துவார்கள். வயது ஏறிவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தை விழுங்குவார்கள். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. பெண்ணைக் கரையேற்றுவதற்குச் செய்த காரியம், அவ்வளவுதான்.

இவர் அந்த விஷயத்தில் பெரிய கில்லாடி ஆகிவிட்டார். ஜாதகத்தை வாங்கியதும் முதலில் மோந்து பார்ப்பார். நான்கு மூலையிலும் தடவிய மஞ்சளைப் பார்ப்பார். பழைய மஞ்சள் மங்கி ஓரத்தில் பூத்துப்போயிருக்க வேண்டும். அதற்கும் மேலே சந்தேகம் வந்தால் வீட்டிலுள்ள வயதான பெண்ணிடம் பேச்சுக் கொடுப்பார். "இவரு பொறந்த வருசம் நம்ம தேரு நிலைக்கு வர எம்புட்டு நாளாச்சு?" ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய தேர் ஒரே நாளில் நிலைக்கு வந்துவிடாது. எந்த வருஷம் எந்தத் தெருவில் எத்தனை நாள் நின்றது என்பது சுற்றுவட்டாரப் பெண்களுக்கு அத்துப்படி. பிள்ளை பெற்றதையும் தேர் நின்றதையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருப்பார்கள். தாய்க்காரி சொல்லும் தேரும் ஜாதகத்திலுள்ள வருஷமும் ஒத்துவராவிட்டால் இவர் பையை மூடிவிடுவார்.

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு வியாபாரி பெரிய தொகைக்கு எடுப்பதாக இருந்தார். ஜாதகத்தில் ஐந்து வயது குறைவு. அவருடைய தாயார் தேர்க் கணக்கில் உண்மையைச் சொல்லிவிட்டார். இவர் எழுதமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். மதுரை ஆபீசிலிருந்து திட்டிக் கடிதம் வந்தது. அன்றைக்குச் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்:

"பொய் வயசுல எழுதிரலாம். எனக்கென்ன? ஆனா நாளப்பின்ன அவரு பொண்டாட்டி அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கிட்டுப் போயி நிக்கும்போது, இதுல வயசு தப்புன்னு சொல்லிட்டாகன்னா? அந்தப் பொம்பளை மொகத்தை நான்தானே பாக்கணும்?"

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். ரசம் இலையைத் தாண்டி ஓடிய பிறகுதான் கரண்டியை எடுத்தேன். ஏனென்றால் என் ஜாதகமும் பொய்.

நான் பிறந்தது கூமாப்பட்டியில். ஆயில்ய நட்சத்திரம். ஆயில்யத்தில் பிறந்த பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தாயார் உயிரோடு இருக்கும் மாப்பிள்ளை எவனும் வரமாட்டான். வந்தவர்களெல்லாம் நட்சத்திரத்தைக் கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்த கையோடு போனார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பதினேழு ஆகிவிட்டது. அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். ஜோசியரிடம் சொல்லி என்னைப் பூச நட்சத்திரமாக்கி, மூன்று வயதையும் குறைத்து, பதினாலு வயதுப் பெண்ணாகப் புது ஜாதகம் எழுதி வாங்கினார். புதுசாகத் தெரியக்கூடாதென்று அதை அடுப்புக்கு மேலே மூன்று வாரம் கட்டித் தொங்கவிட்டார். அந்தப் புகையேறிய ஜாதகம்தான் என் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது. "ஆயில்யம்னு ரெண்டு ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிட்டுத்தான் இவளை எடுத்தேன்" என்று மாமியார் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

என் மாமியார் திடகாத்திரமான மனுஷி. மடவார் வளாகத்துக் கோயிலுக்குத் தினமும் நடந்தே போய் வருவார். மாட்டைத் தானே கழுவுவார். ஆனால் அவர் ஒரு தும்மல் தும்மினால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். என் நட்சத்திரம் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டதோ என்று அடுப்படிக்கு ஓடுவேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஆடாதோடை எல்லாம் போட்டுக் கஷாயம் வைத்துக் கொண்டுபோய் நிற்பேன். இருமினாலும் கஷாயம், இருமாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு நாள் கஷாயம். மழையில் வெளியே விடமாட்டேன். கிணற்றடிப் பாசியைத் தினமும் தேய்த்துக் கழுவுவேன். "மாமியாரைத் தாங்குறதுன்னா இப்படித் தாங்கணும்" என்று தெரு முழுக்க என்னைக் காட்டி மற்ற மருமகள்களை இடித்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. புகழ்ச்சியெல்லாம் வந்து விழ விழ நான் குறுகிப்போவேன். இந்த மனுஷியைக் கொல்ல வந்தவள் நான்தான் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

இப்படிப் பத்தொன்பது வருஷம் போயிற்று. மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பயமும் போகவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கின. இவர் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டப் பழகியிருந்தார். அப்போது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பெண்கள் பேரிலும் இனிப் பாலிசி எடுக்கலாம்; ஆனால் ஜாதகம் செல்லாது, பள்ளிக்கூடப் பதிவோ பிறப்புப் பதிவோ வேண்டும். இவருக்குத் தலைகால் புரியவில்லை. ராஜபாளையத்தில் போய்ச் சொன்னால், "பொம்பளைக்கு என்னத்துக்கு இன்சூரன்ஸ்?" என்று ஆண்களெல்லாம் சிரித்தார்களாம். "அவ ஒரு வாரம் படுத்தா உங்க வீட்டு அடுப்பு எரியுமா?" என்று இவர் கேட்டிருக்கிறார். கேட்டதோடு விடாமல், "முதப் பாலிசி எங்க வீட்டுலதான்" என்று சபதமும் போட்டுவிட்டு வந்தார்.

"உன் பேர்ல ஒண்ணு எடுக்கப்போறேன்" என்றார்.

"எனக்கு என்னத்துக்கு? அந்தக் காசுல மகனுக்கு ரெண்டு சட்டை எடுங்க."

"சட்டையும் எடுக்கலாம், இதுவும் எடுக்கலாம். நீ வ.புதுப்பட்டியிலதானே படிச்சே?"

நான் வ. புதுப்பட்டியில் தாய்மாமன் வீட்டிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கிறிஸ்தவர்கள் நடத்திய பள்ளிக்கூடம். என்னைச் சேர்த்த அன்றைக்கு அப்பாவுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நான் பிறந்த தேதியை டீச்சரம்மா கேட்டார், அப்பா உள்ளது உள்ளபடி சொன்னார், டீச்சரம்மா எழுதிக்கொண்டார்.

"அதெல்லாம் எந்தக் காலம்? அந்த நோட்டைக் கரையான் அரிச்சிருக்கும்" என்றேன்.

"அவுக பள்ளிக்கூடத்துல கரையான்கூடக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள போகும். நாளைக்கு வத்திராயிருப்புப் பக்கம் ஒரு வேலை இருக்கு. அப்படியே எழுதி வாங்கிட்டு வந்துருதேன்."

தேதி கைக்கு வந்துவிட்டால் மனுஷர் பஞ்சாங்கத்தைப் புரட்டி நட்சத்திரத்தையும் பிடித்துவிடுவார். எனக்கு வேறு வழியில்லை. அவரே கண்டுபிடிக்கும்படி விடுவதா, நானாகச் சொல்வதா என்பதுதான் பாக்கி. ஊரில் அத்தனை பேர் பொய்யையும் பிடித்த மனுஷர், என் பொய்யை ஏதோ ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், வேற்று ஆள் முன்னால் நின்றுகொண்டு தெரிந்துகொள்ளக் கூடாது என்று பட்டது.

காலையில் அவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"செத்த நேரம் நில்லுங்க" என்றேன்.

"என்னட்டி?"

"அந்த நோட்டுல இருக்குத வயசு வேற. மூணு வயசு கூட இருக்கும்."

பம்பு அடிப்பது நின்றது. "டீச்சர் தப்பா எழுதிட்டாகளா?"

"அவுக சரியாத்தான் எழுதினாக. இங்க வந்த ஜாதகம்தான் தப்பு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தொழில்காரராகக் கேட்டார். "என்ன நட்சத்திரம்?"

"ஆயில்யம்."

சட்டென்று தலையைத் திருப்பி வீட்டுக்குள் பார்த்தார். மாமியார் கொல்லையில் மாட்டை அதட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"ஊர்ல ஒரு ஜாதகம் விடாம மோந்து பாத்தேன்" என்றார். "எம் பொண்டாட்டி ஜாதகத்தைப் பாக்கணும்னு தோணலியே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். சைக்கிளில் ஏறினார். எங்கே கிளம்பினாலும் "போயிட்டு வாரேன்" என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுப்பார். அன்றைக்குக் கொடுக்கவில்லை.

அன்று பகல் முழுவதும் நான் என்ன வேலை செய்தேன் என்று எனக்கே தெரியாது. பருப்பு அடிப்பிடித்தது. கடைசிப் பெண்ணுக்கு ஒரு பக்கம் மட்டும் சடை போட்டு அனுப்பிவிட்டேன். "என்னட்டி, பேயறைஞ்சவ மாதிரி இருக்க?" என்று மாமியார் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அவருக்கு முன்னால் நிற்க முடியாமல் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

நாலு மணிக்கு மேல் அவர் வந்தார். சட்டையெல்லாம் செம்மண். பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். டீச்சரம்மா காலத்து நோட்டைப் பார்த்துப் புதிதாக எழுதிக் கொடுத்தது. என் பெயர், அப்பா பெயர், தேதி. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு என் வயதை நான் எழுத்தில் பார்த்தேன்.

"முப்பத்தாறு" என்றார்.

"ஆமா."

"என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னவ. அஞ்சு வயசுன்னு நெனச்சு எம்புட்டு அதட்டியிருக்கேன். முன்னாலயே சொல்லியிருந்தா கொஞ்சம் யோசிச்சு அதட்டியிருப்பேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"இம்புட்டு நாள் நீ ஒருத்தி மறைச்சே. இனி நானும் சேர்ந்து மறைக்க மாட்டேன். அம்மாகிட்டச் சொல்லணும். நான் சொன்னா அது கோள் சொன்ன மாதிரி ஆயிரும். நீயே சொல்லு."

"அத்தை என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டா?"

"சொன்னா நானும் உங்கூட வாரேன். சைக்கிள் இருக்குல்ல?"

மறுநாள் காலையில் மாமியார் தொழுவத்தில் இருந்தபோது போனேன். முன்னுரை எதுவும் வரவில்லை. என் நட்சத்திரம் பூசம் இல்லை, ஆயில்யம் என்று சொன்னேன். அப்பா மாற்றியதைச் சொன்னேன். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவர் நட்சத்திரத்தை நம்புகிறவர். சும்மா வாய்ப்பேச்சுக்கு நம்புகிறவர் அல்ல, நாள் பார்க்காமல் விளக்கெண்ணெய்கூடக் குடிக்காதவர்.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"அதான் கஷாயமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அம்புட்டும் பயத்துலயா வச்சுக் குடுத்தே?"

"மொதல்ல பயம்தான் அத்தை. பொறவு…" நான் முடிப்பதற்குள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டார். பிள்ளைகளோடு பேசினார், மாட்டோடு பேசினார். வீட்டுக்காரர் இருவருக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கஷாயம் வைக்கிற நாள் வந்தது. வைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. இனி நான் கொடுத்தால் அதை எந்த மனதோடு குடிப்பார்? வைக்காமல் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, தொண்டை கரகரங்கு. கஷாயம் எங்க?"

ஓடிப்போய் வைத்தேன். அவசரத்தில் மிளகு கூடிப்போய்விட்டது. வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"பத்தொம்போது வருசமா இந்தக் கசப்பை ஊத்துதாளே. செத்த வெல்லம் போட்டா உன் நட்சத்திரம் கோவிச்சுக்கிடுமாட்டி?"

நான் அடுப்படிக்குப் போய் அழுது தீர்த்தேன். பொய் சொன்னதற்கு அழவில்லை. அந்தக் கிழவியை இழந்துவிடுவேனோ என்று இரண்டு நாள் பயந்தேனே, அது நட்சத்திரத்துப் பயம் இல்லை. அவர் எனக்கு வேண்டும். அவ்வளவுதான். அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவே அத்தனை வருஷம் ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் கழிந்த பிறகு, வீட்டுக்காரர் விண்ணப்பத்தை விரித்துவைத்து உட்கார்ந்தார். அவருக்கு எதிரே பாயில் நான். கொஞ்சம் தள்ளி மாமியார், என்ன எழுதுகிறான் மகன் என்று பார்த்துக்கொண்டு. ஊர்க்காரர்களிடம் கேட்பது போலவே என்னிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர், ஊர், பெரிய வியாதி ஏதாவது வந்ததுண்டா, எத்தனை பிரசவம். வயது என்ற இடத்தில் முப்பத்தாறு என்று நிறுத்தி, அழகாக எழுதினார்.

"நாளப்பின்ன இந்தப் பணம் யாருக்குச் சேரணும்?" என்று கேட்டார். அவர் பேனா தன் பெயரை எழுத ஏற்கெனவே தயாராக இருந்தது.

"அத்தை பேரை எழுதுங்க."

பேனாவை எடுத்துவிட்டார். "கூறு இருக்கா உனக்கு? மூத்தவுக பேரை எழுதக் கூடாதுன்னு நானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுதேன். உனக்குப் பொறவு இருக்குத ஆள் பேரைத்தான் எழுதணும். அம்மாவுக்கு அறுவத்தஞ்சு ஆச்சு."

"எனக்குப் பொறவும் அத்தை இருப்பாக. நான் சொல்லுதேன், எழுதுங்க."

மாமியார் என்னைப் பார்த்தார். முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கம்பெனியிலிருந்து கேள்வி கேட்டு எழுதுவார்கள் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆனாலும் பேனாவை மையில் தொட்டுத் தன் தாயாரின் பெயரை முழுதாக எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"உறவு?"

"அம்மான்னு எழுதுங்க."

"பொய்யெல்லாம் எழுத மாட்டேன்" என்று சொல்லி, 'மாமியார்' என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போட என்னிடம் பேனாவைக் கொடுத்தார்.